இழுக்கும் கண்டலும் அமுக்கும் பம்பியும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சேற்றில் காலூன்றி நிற்கும் கண்டல் மரம் ஒருபுறம். யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், தாளையடிக் கடற்கரையில், 2024இல் திறக்கப்பட்டு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரும் திறனோடு நிற்கும் ஆலை மறுபுறம். இரண்டும் செய்வது ஒரே வேலை: உவர்நீரிலிருந்து உப்பை விலக்கி நீரை மட்டும் உள்ளே எடுப்பது. முதலாவதைத் தாவரவியல் வகுப்பிலும் இரண்டாவதை இரசாயனப் பொறியியல் வகுப்பிலும் படிக்கிறோம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவர் குறைவு. அப்படி வைத்துப் பார்த்தால் ஒற்றுமை நாம் நினைத்ததைவிட ஆழமாகப் போகிறது. வேற்றுமையோ நாம் தேடாத மூலையிலிருந்து எழுகிறது.

கைக்கு எட்டுவதிலிருந்து தொடங்குவோம். மழையற்ற ஒரு நாள் நண்பகலில் வெண்கண்டல் இலையொன்றைப் பறித்து நாக்கில் வைத்தால் கரிக்கும். உற்றுப் பார்த்தால் வெண்மையான உப்புப் பொடி மினுங்கும். பக்கத்தில் முட்டுவேர்களை ஊன்றி நிற்கும் கண்டலின் இலையில் அந்தப் பொடி இருக்காது. ஆலையில் உப்பைத் தடுக்கும் சவ்வையும் இதேபோல் அருகில் பார்க்கலாம். எட்டு அங்குல விட்டமும் நாற்பது அங்குல நீளமும் கொண்ட வெள்ளை உருளையை அறுத்துத் திறந்தால், பன்பாயைச் சுருட்டி வைத்ததுபோல் தாள் மேல் தாளாகச் சவ்வு. தாள்களுக்கிடையே பிளாஸ்ரிக் வலை, நடுவில் துளையிட்ட குழாய். விரித்தால் ஏறக்குறைய 40 சதுர மீற்றர் வரும். பெரிய பரப்பைச் சிறிய இடத்தில் அடக்கும் இந்த உத்தியை மரமும் கையாள்கிறது. அது சுருட்டாமல் கிளைத்துப் பிரிந்து, நூல்போன்ற நுண்வேர்களாகச் சேற்றுக்குள் பரவுகிறது.

இரண்டையும் விளக்கிய அறிவு ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கடற்கரையில் பிறந்தது என்பது இந்த ஒப்பீட்டின் முதல் வியப்பு. நோர்வேயில் கற்று அமெரிக்காவில் குடியேறிய உடற்றொழிலியலாளர் பெர் ஷோலாண்டர், கலிபோர்னியாவின் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் இருந்தார். கண்டல்களின் உப்புச் சமநிலை பற்றிய அவரது குழுவின் கட்டுரை 1962இல் வந்தது. தாவரச் சாற்றின் அமுக்கத்தை அளந்த புகழ்பெற்ற கட்டுரை 1965இல். அங்கிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவில், லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில், சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செலுலோஸ் அசற்றேற்றுச் சவ்வைப் பயன்படத்தக்க நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் ஓர் ஊருக்குக் குடிநீர் கொடுத்த முதல் ஆலை, கலிபோர்னியாவின் கோலிங்காவில் இயங்கத் தொடங்கியதும் 1965இல்தான். அதே ஆண்டில், ஸ்கிரிப்ஸிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் ஜெனரல் அற்றொமிக் நிறுவனத்தில் லொன்ஸ்டேலும் கூட்டாளிகளும், சவ்வுக்குள் நீர் எப்படிக் கடக்கிறது என்பதற்கான கோட்பாட்டை வெளியிட்டார்கள். மரத்தை அளந்தவரும் சவ்வைச் செய்தவர்களும் கோட்பாட்டை எழுதியவர்களும் ஒரே கரையோரத்துக்காரர்கள்.

லோபும் சௌரிராஜனும் கண்டது என்ன? அதற்கு முன்பே புளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் செலுலோஸ் அசற்றேற்று உப்பைத் தடுக்கும் என்று காட்டியிருந்தார்கள். தடுத்தது உண்மை, ஆனால் துளித்துளியாகவே நீர் வந்தது. சவ்வைத் தடிப்பாக்கினால் நீர் கடக்காது, மெலிதாக்கினால் அமுக்கத்தில் கிழியும். லோபின் கையில் இருந்த சவ்வோ ஒருநாள் நன்றாக வேலை செய்யும், மறுநாள் ஏமாற்றும். காரணம் பிறகுதான் புரிந்தது: சவ்வுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகத்தில் மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய இறுகிய தோல், அதற்குக் கீழே துளைகள் நிறைந்த தடித்த தாங்கி. தோல் உப்புநீரைப் பார்த்திருந்தால் உப்பு பிரியும், திருப்பி வைத்தால் பிரியாது. பிரிக்கும் வேலை தோலுக்கு, பாரம் தாங்கும் வேலை மற்றதற்கு என்று பங்கு பிரித்ததில்தான் சிக்கல் தீர்ந்தது. 1970களின் இறுதியில் ஜோன் கடோட் அந்தப் பங்கீட்டை இன்னும் கறாராக்கினார். தாங்கி ஒரு பொருள், தோல் வேறொரு பொருள். இன்றைய ஆலைச் சவ்வில் நெய்யாத பொலியெஸ்ரர் துணி, அதன்மேல் பொலிசல்போன், அதற்கும் மேலே 100 முதல் 200 நனோமீற்றர் தடிப்பில் பொலியமைட் தோல். ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள அந்த மேல்தோல்தான் விலை கொடுத்து வாங்கப்படுவது. மீதியெல்லாம் அதைக் கிழியாமல் வைத்திருக்கும் தாங்கல்.

வேரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் இதே பங்கீடுதான். உள்ளே காற்றறைகள் நிறைந்த தளர்வான மேற்பட்டை. அதைச் சூழ வெளியே மெல்லிய இறுக்கமான படைகள். 2016இல் தென்கொரியாவின் பொஹாங் ஆய்வாளர்கள், நம் வாவிக் கண்டலின் அதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் வேரை எடுத்து, சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் வேரின் வெளிப்படையின் முதல் அடுக்கிலேயே தடைபடுகிறது என்று காட்டினார்கள். அந்த அடுக்கின் மேற்பரப்பில் மறை மின்னேற்றம் மிகுதி என்பதையும் அதற்கான காரணமாகச் சொன்னார்கள். பொலியமைட் தோலின் மேற்பரப்பிலும் மறை மின்னேற்றமே. ஒன்று கோடிக்கணக்கான ஆண்டுத் தேர்வில் வந்தது. மற்றது நீரில் கரைத்த டையமீனும் ஹெக்சேனில் கரைத்த அமிலக் குளோரைட்டும் சந்திக்கும் எல்லைக் கோட்டில் சில விநாடிகளில் உறைந்தது. வந்து சேர்ந்த இடம் ஒன்று.

வேதிப்பொருளிலும் உறவு உண்டு. வேரின் தடைப்படைகளில் படிந்திருக்கும் சுபரின் என்பது கொழுப்பமிலங்களும் அரோமற்றிக் கூறுகளும் பின்னிய ஒரு பல்பகுதியம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் கண்டலினங்களில் இந்தச் சுபரின் தடைக்கு உப்பை நிறுத்துவதில் பெரும்பங்கு உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். ஆக, ‘இயற்கை வேர் எதிர் செயற்கைப் பிளாஸ்ரிக்’ என்று கோடு கிழிப்பது சற்று அவசரமான காரியம். கோட்டின் இரு பக்கமும் பல்பகுதியம்தான். ஒன்று எஸ்ரர்ப் பிணைப்பு, மற்றது அமைட்டுப் பிணைப்பு.

‘இருந்தாலும் வேர் உயிருள்ளது, உயிரின் ஆற்றலைச் செலவிட்டுத்தானே அது உப்பைத் தள்ளுகிறது’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கே ஷோலாண்டர் 1968இல் விடை சொன்னார். கண்டல் வேர்த்தொகுதியை உவர்நீரோடு அமுக்கக் கலனுக்குள் வைத்து, வெட்டிய தண்டின் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்து, வாயுவால் அமுக்கினார். வெட்டுமுனையில் ஏறக்குறைய நன்னீர் வடிந்தது. பிறகு வேரை உறைநிலைக்கு அருகே குளிரவைத்தார். உயிர்க்கலங்களின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்தும் நஞ்சுகளைக் கொடுத்தார். உப்புத் தடை தளரவில்லை. பிரிப்பது பௌதிகம், உயிர் அல்ல. கோலிங்காவின் குழாய்க்குள் நடந்ததை ஷோலாண்டர் வேரைக் கொண்டே தன் மேசையில் நடத்திக் காட்டிவிட்டார். உயிரின் பங்கு இல்லாமல் போகவில்லை, அது வேறிடத்தில் இருக்கிறது: சவ்வைக் கட்டுவதிலும், பழுதானதைப் புதுக்குவதிலும், ஒட்சிசன் அற்ற கருஞ்சேற்றில் வேரை மூச்சுவிட வைப்பதிலும்.

ஆலைத் தோல் பழுதானால் தானாக வளராது. உயிரிப்படலம் படிந்து அடைபடும், கழுவ வேண்டும், ஐந்து முதல் ஏழு ஆண்டில் மாற்ற வேண்டும். கிருமி கொல்லக் குளோரின் போடலாம் என்றால் அமைட்டுப் பிணைப்பைக் குளோரினே தின்றுவிடும். ஆகவே முதலில் குளோரின் போட்டு, சவ்வுக்கு முன்னால் அதை நீக்கி, கடந்துவந்த நீருக்கு மறுபடி குளோரின் போடுகிறார்கள். நண்டும் சேறும் பற்றீரியாவும் சூழ நிற்கும் மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பழைய நுண்வேரைக் கைவிட்டுப் புதியதை விடுகிறது.

தடுப்பின் அளவிலும் ஓர் இணை தெரிகிறது. முட்டுவேர்க் கண்டல் உப்பில் 99 சதவீதம் வரை வேரிலேயே நிறுத்தும். ஆலைச் சவ்வு அதைவிடச் சற்றுக் கூட. வெண்கண்டல் கொஞ்சம் தாராளம். பத்திலொரு பங்கு உப்பை உள்ளே விட்டுவிட்டு, பிறகு இலைச் சுரப்பிகளால் வெளியே தள்ளுகிறது. நாக்கில் கரித்தது அந்த மிச்சம்தான். ஆலையிலும் முதற்கட்டத்தில் நழுவும் ஒன்று உண்டு. கடல்நீரிலுள்ள போரன் மின்னேற்றமற்ற போரிக் அமிலமாக இருப்பதால் சவ்வை எளிதில் கடக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டாம் கட்டச் சவ்வு வைக்க வேண்டும். முதல் வாசலில் முழுவதையும் தடுக்க முயல்வதைவிட, நழுவியதை இரண்டாம் வாசலில் கவனிப்பது மலிவு என்ற கணக்கை மரமும் பொறியியலாளரும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள்.

இனி வேற்றுமைக்கு வருவோம். ஆலை அமுக்குகிறது, மரம் இழுக்கிறது.

கடல்நீரின் பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 25 வளிமண்டலம். நீர் இயல்பாக நன்னீர்ப் பக்கமிருந்து உப்புப் பக்கம் ஓடவே விரும்பும். எதிர்த்திசையில் ஓட்ட வேண்டுமானால் 25ஐத் தாண்ட வேண்டும். ஆலையின் உயரமுக்கப் பம்பி 55 முதல் 70 வளிமண்டலம் வரை அமுக்குகிறது. கண்டலுக்குப் பம்பி இல்லை. இலையின் நுண்சுவர்களிலிருந்து நீர் ஆவியாக, காழ்க் குழாய்களிலுள்ள நீர்த்தம்பம் மேலிருந்து இழுபடுகிறது. அந்த இழுவிசை வேர்வரை இறங்குகிறது. ஷோலாண்டர் அளந்தபோது கண்டல் சாற்றின் அமுக்கம் சுழியத்துக்குக் கீழே 30 முதல் 60 வளிமண்டலமாக இருந்தது. குறியை மட்டும் மாற்றிப் படித்தால் ஆலையின் எண்களும் மரத்தின் எண்களும் ஏறக்குறைய ஒன்றே. பல மாடி உயரத்து ஊசியிலை மரங்களில் இதே அளவீட்டைச் செய்ய, உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார் என்பது அந்த ஆய்வின் சுவையான உபகதை. கண்டலுக்குக் கத்தியே போதுமாக இருந்திருக்கும்.

அமுக்கப்பட்ட நீர் பாதுகாப்பானது. குழாய் தாங்கினால் போதும். இழுபட்ட நீர் அப்படியல்ல. எங்காவது ஒரு சிறு வளிக்குமிழ் பிறந்தால் தம்பம் அறுந்துவிடும், அந்தக் குழாய் பயனற்றுப் போகும். கண்டல்களின் காழ்க் குழாய்கள் குறுகலாகவும் நெருக்கமாகவும் இருப்பதற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம். இன்னொன்று: ஆலையை இரவில் நிறுத்தலாம், மரத்தை நிறுத்த முடியாது. வேருக்கு வெளியே உப்பு இருக்கும்வரை, சூரியன் மறைந்த பிறகும் அது கடல்நீரின் 25ஐத் தாண்டியே இழுவையை வைத்திருக்க வேண்டும். தளர்ந்தால் நீர் வேர்வழியே திரும்ப வெளியேறும். ஆலையிலும் பம்பி நின்ற கணமே இதேதான் நடக்கும். பிரித்தெடுத்த நன்னீர் சவ்வினூடே உப்புப் பக்கம் திரும்பப் பார்க்கும். ஆகையால் இயக்குநர்கள் நிறுத்தும்போது உப்புப் பக்கத்தை நன்னீரால் அலசிவிடுகிறார்கள். மரத்திடம் அலசுவதற்கு மிச்சநீர் கிடையாது.

‘பம்பி இல்லை, மின்சாரம் இல்லை, மரம் செலவின்றிச் செய்கிறது, மனிதனோ ஆற்றலைக் கொட்டுகிறான்.’ கண்டலைப் பற்றி எழுதும் எவரும் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். நாம் தட்டுவதற்கு முன் கணக்குப் பார்ப்போம்; அலகு மின்சார சபைப் பட்டியலில் வரும் ‘யூனிற்’தான்.

ஆயிரம் லீற்றர், அதாவது ஒரு கன மீற்றர் நீரை 50 வளிமண்டல இழுவையில் வேர்ச் சவ்வினூடே கடத்த ஆகும் வேலை 5 மெகாஜூல். அது 1.4 யூனிற். பௌதிக விதிகள் கேட்கும் குறைந்தபட்சத் தொகை, கடல்நீரில் பாதியை நன்னீராக்கினால், கன மீற்றருக்கு ஏறத்தாழ 1 யூனிற். இன்றைய நல்ல ஆலை எல்லாச் செலவும் சேர்த்து 3 முதல் 4 யூனிற் எடுக்கிறது. அதில் சவ்வுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு. வெளியேறும் உவர்க்கழிவின் அமுக்கத்தைத் திரும்பப் பிடித்து உள்வரும் நீருக்குக் கொடுக்கும் கருவிகள் வந்த பிறகுதான் இந்த எண் இவ்வளவு இறங்கியது. ஆகச் சவ்வு மட்டத்தில் மரமும் ஆலையும் விதியின் தரையை ஒட்டியே நிற்கின்றன. மரம் கொஞ்சம் முன்னால்.

ஆனால் அந்த 1.4 யூனிற் இழுவையை உண்டாக்க மரம் என்ன செய்கிறது? இழுத்த நீர் அத்தனையையும் இலையில் ஆவியாக்குகிறது. நம் வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் நீரை ஆவியாக்க வேண்டிய மறைவெப்பம் ஏறத்தாழ 675 யூனிற். ஆலையின் செலவைவிட இருநூறு மடங்குக்குக் கிட்ட! கண்டல் அடியில் சவ்வாலை, முடியில் ஆவியாக்கும் கொதிகலன். மனிதர் 20ஆம் நூற்றாண்டில் எதைக் கைவிட்டு எதற்கு வந்தார்களோ, அந்த இரண்டையும் மரம் ஒரே உடம்பில் வைத்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு மரத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. மரம் நன்னீர் தயாரிக்க நிற்கவில்லை. காபனீரொட்சைட்டு உள்ளே வர இலைவாய் திறக்க வேண்டும், திறந்தால் நீர் போகும். ஆவியுயிர்ப்பு அதன் உணவுக்கான விலை. வெயிலோ எப்படியும் இலைமேல் விழத்தான் போகிறது. செலவு உண்டு, பட்டியல் வருவதில்லை. அந்தச் செலவு பணமாகத் தெரியாமல் பரப்பாகத் தெரிகிறது. ஓர் எட்டு அங்குல உருளை, சதுர மீற்றருக்கு மணிக்கு 14 லீற்றர் என்ற வழக்கமான வேகத்தில், நாளுக்கு 13 கன மீற்றருக்கு மேல் தரும். தாராளமாக நீர் கிடைக்கும் வெப்பமண்டலத் தாவரப் பரப்பு நாளுக்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே 13 கன மீற்றரைக் கடத்த ஏறக்குறைய முக்கால் ஏக்கர் பச்சை விதானம் வேண்டும். உவர்நிலத்தில் சிக்கனமாக வாழும் கண்டலுக்கு அதைவிடக் கூட. ஒரு மனிதர் தோளில் தூக்கிவிடக்கூடிய உருளை, முக்கால் ஏக்கர் காடு; இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில்தான் இந்த ஒப்பீட்டின் முழு வேற்றுமையும் அடங்கியிருக்கிறது.

இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 2020இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு செயற்கைக் கண்டல் ஒன்றைச் செய்தது. நுண்துளை இலை, சிலிக்காத் தண்டு. வேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆலைகளில் உள்ள அதே பொலியமைட் சவ்வு. இலையில் நீர் ஆவியாக, தண்டு இழுக்க, பொலியமைட் உப்பைத் தடுத்தது, பம்பி வேண்டியிருக்கவில்லை. வேரின் இடத்தில் பிளாஸ்ரிக் தோலைப் பொருத்தினால் மரத்தின் இயக்கம் குலையாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் அங்கும் நன்னீர் ஆவியாகத்தான் மேலே போனது. குடிக்க வேண்டுமென்றால் மறுபடி குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். மரத்தின் இழுவையோடு மரத்தின் செலவும் வந்து சேர்ந்துவிட்டது.

அப்படியானால் இழுக்கும் வழி முழுதும் வீணா? பொறியியலாளர்கள் அதற்கும் ஓரிடம் கண்டிருக்கிறார்கள், அதுவும் கடல்நீரில் அல்ல, மதுசாரத்தில். ஊரில் கசிப்புக் காய்ச்சுபவரின் பானையிலிருந்து பெரிய வடிசாலைவரை எல்லோரும் வெப்பத்தால்தான் மதுசாரத்தைப் பிரிக்கிறார்கள். நிறைப்படி ஏறக்குறைய 95.6 சதவீதத்தில் அந்த வழி முட்டி நின்றுவிடும். அந்தப் புள்ளியில் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் இருப்பதால் எவ்வளவு காய்ச்சினாலும் பயனில்லை. கசிப்புக்காரருக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே அல்ல. எரிபொருளுக்கும் மருந்துக்கும் நீரற்ற மதுசாரம் வேண்டுபவருக்கு அது சுவர். 1980களில் ஜெர்மனியின் ஜி.எஃப்.ரி. நிறுவனம் பொலிவைனைல் அற்ககோல் சவ்வால் அந்தச் சுவரைத் தாண்டியது. சவ்வின் ஒரு பக்கம் திரவம், மறுபக்கம் வெற்றிடம். நீர் மட்டும் சவ்வைக் கடந்து மறுபுறத்தில் ஆவியாகிறது. அமுக்கம் கிடையாது, இழுவை மட்டும். கண்டலின் வேரையும் இலையையும் ஒரே தாளில் அழுத்தி ஒட்டியதற்குச் சமம். இங்கே ஆவியாக்கும் செலவு உறுத்தாததற்குக் காரணம், கடந்துபோவது கலவையின் சிறுபங்கு. நூறில் நாலைந்து பங்கு நீரை ஆவியாக்குவது எளிது. கண்டல் கடத்துவதோ கலவையின் பெரும்பங்கை. ஒரே உத்தி ஓரிடத்தில் சிக்கனம், இன்னோரிடத்தில் ஊதாரித்தனம். எது கடந்துபோகிறது, எவ்வளவு என்பதே தீர்மானிக்கிறது.

இதற்கு அப்பால் போனால் மரம் துணைக்கு வராது. கண்டலுக்குத் தெரிந்தது நீர், உப்பு என்ற ஒரே ஒரு பிரிப்பு. உலகத் தொழிற்சாலைகளின் பெருஞ்செலவுகளில் ஒன்று எண்ணெய்யை எண்ணெய்யிலிருந்து பிரிப்பதில் இருக்கிறது. அமெரிக்காவின் மொத்த ஆற்றல் நுகர்வில் 10 முதல் 15 சதவீதம் இரசாயனப் பிரிப்புகளுக்கே போகிறது என்று ஷோலும் லைவ்லியும் 2016இல் எழுதினார்கள்; அதில் ஏறக்குறைய பாதி காய்ச்சி வடிப்பது. வெப்பமில்லாமல் சவ்வால் செய்ய முடிந்தால் பத்தில் ஒரு பங்கே போதும் என்பதும் அவர்கள் வாதம். பொலியமைட்டின் துளைகள் அதற்கு மிகச் சிறியவை. மாறாக, பல பல்பகுதியங்கள் எண்ணெய்யில் ஊறிப் பருத்துவிடும். 2004இல் மான்செஸ்ரரில் பட், மக்கியோன் இருவரும் வேறொரு வழி காட்டினார்கள். சங்கிலியின் முதுகெலும்பையே கோணலாகவும் வளையாததாகவும் செய்துவிட்டால், சங்கிலிகள் நெருக்கமாக அடுக்க முடியாமல் தவிக்கும். அந்தத் தவிப்பில் 2 நனோமீற்றருக்கும் குறைந்த வெற்றிடங்கள் நிலையாகத் தங்கும். அவர்கள் செய்த பல்பகுதியத்தில் ஒரு கிராமின் உட்பரப்பு 700 சதுர மீற்றரைத் தாண்டும். அதே கோணல் முதுகெலும்பு வழியில் வந்த, ஊறலைக் குறைத்த சவ்வுகளால், மசகெண்ணெய்யையே இலேசான கூறு, கனமான கூறு என்று பிரிக்க முடியும் என்பதை 2020இல் ஜோர்ஜியா ரெக், லண்டன் இம்பீரியல் கல்லூரி, எக்சன்மொபில் ஆய்வாளர்கள் சேர்ந்து காட்டினார்கள். வேரின் சுபரினுக்கு இந்தக் கோணல் தேவைப்பட்டதில்லை. அதன் உலகத்தில் மசகெண்ணெய் இல்லை.

ஒரு விடயத்தில் மட்டும் இரு தரப்பும் இன்னும் சமமாக நிற்கின்றன. நீர் எந்த வழியே கடக்கிறது என்பதில் இரண்டிலும் வழக்கு முடியவில்லை. 1965இன் கோட்பாடு, நீர் சவ்வில் கரைந்து மூலக்கூறு மூலக்கூறாகப் பரவுகிறது என்றது. 2023இல் யேல் குழு, இல்லை, தற்காலிகத் துளைகளினூடே ஓடுகிறது என்று மறுத்தது. வேரிலும் அதே விவாதம்: கலச்சுவர்களின் இடுக்கு வழியாகவா, கலம்விட்டுக் கலமாகவா? கொரியர் காட்டிய வெளிப்படையும் சிங்கப்பூரார் காட்டிய சுபரின் தடையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றாலும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தீரவில்லை.

கடைசியாக, எடுத்ததைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு விட்டுவிட்டதைப் பேசாமல் இருக்க முடியாது. நன்னீர் போனால் உப்பு எங்கே போகும்? ஆலையில் உள்ளே வந்த கடல்நீரில் 45 சதவீதம் நன்னீராகிறது என்றால் மிச்சத்தின் உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தாளையடியில் அதை வாங்கிக்கொள்ளத் திறந்த கடல் இருக்கிறது. மரம் உப்பைத் தன் வேரைச் சுற்றிய சேற்றிலேயே விட்டுவிடுகிறது. அது அங்கேயே தேங்கினால் வேரால் 60 வளிமண்டலம் இழுத்தும் நீர் எடுக்க முடியாது. தேங்காமல் பார்த்துக்கொள்பவை ஏற்றவற்றமும், மாரி வெள்ளமும், சேற்றைக் குடைந்து நீரோட்டத்துக்கு வழிவிடும் நண்டு வளைகளும். ஆலைச் சவ்வின் முன்னால் உப்பு தேங்காதிருக்க வலை வைத்து நீரைக் கலக்குவது போன்ற வேலையை வேருக்கு நண்டு செய்து கொடுக்கிறது.

இது வாவிக்கரைக்காரருக்கு ஏட்டுச் சங்கதி அல்ல. மட்டக்களப்பு நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள மணல் மேட்டில் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நின்று கிணறுகளுக்கு ஊறுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கத்துக் கிணறுகள் உவர்ந்து கிடந்த மாதங்களை வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் யாரும் மறக்கவில்லை. இனியொரு வறட்சியில் ‘வாவி நீரையே நன்னீராக்கினால் என்ன?’ என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். கேள்வியில் பொருள் உண்டு. வாவிநீர் கடலைவிட உப்புக் குறைந்தது. லீற்றருக்கு 10 கிராம் உப்பு என்றால் பிரசாரண அமுக்கம் கடலினதில் மூன்றிலொன்றுக்கும் கீழே. பம்பிச் செலவும் அதற்கேற்பக் குறையும். ஆனால் உப்புக் கழிவு? மாரியில் மேற்குப் பக்கமான படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், வாவி கடலோடு கலக்கும். கோடையில் பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். குடிநீர் அதிகம் தேவைப்படும் மாதங்களும் வாவி மூடிக்கிடக்கும் மாதங்களும் ஒன்றே. அப்போது ஆலை வெளியேற்றும் உப்பு, இறால் பண்ணைகளுக்கும் போர்க்காலத்துக்கும் தப்பி மிஞ்சிய கண்டல்களின் வேர்களைச் சுற்றித்தான் தங்கும். அந்தத் திட்டத்தை எழுத உட்காருபவர், எந்த நிறுவனத்துச் சவ்வு என்று விசாரிப்பதற்கு முன், மூடிய வாய் எத்தனை மாதம் மூடிக்கிடக்கும் என்பதை மீன்பிடிப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.